போர் விமானியின் கழுத்துக்குப் பயிற்சி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. ஹெல்மெட், ஆக்சிஜன் மாஸ்க், கண்ணுக்கு முன்னால் தகவல் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்தால் இன்னும் 2 கிலோ. தரையில் நிற்கும்போது இந்த 7 கிலோவைக் கழுத்து ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதே தலை 9ஜி திருப்பத்தில், அதாவது எடை ஒன்பது மடங்காகத் தெரியும் வேகத் திருப்பத்தில், 63 கிலோ கனக்கும். வளர்ந்த ஆள் ஒருவர் பிடரியில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

தலை நேராக இருந்தால் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி முதுகெலும்பு வழியாகக் கீழே இறங்கிவிடும். ஆனால் வான்சண்டைப் பயிற்சியில் தலை நேராக இருப்பதே அபூர்வம். எதிராளி பின்னால் வருகிறானா என்று பார்க்கத் தலையைத் திருப்பி, கொஞ்சம் அண்ணாந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து முறுக்கிய நிலையில், முழு பாரத்தோடு, சில நொடி. அந்தச் சில நொடியில்தான் பெரும்பாலான கழுத்துகள் மாட்டிக்கொள்கின்றன. பல நாட்டு விமானப்படைகளில் கேட்டுப் பார்த்தபோது போர் விமானிகளில் பாதிப் பேர் அளவுக்குக் கழுத்துவலியைச் சந்தித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களுக்கு 9ஜி கிடையாது. ஆனாலும் அவர்கள் கணக்கும் ஏறக்குறைய இதுதான். காரணம் வேறு, கீழே வருகிறேன்.

இந்தக் கட்டுரை பயிற்சியில் இருக்கும் இளம் விமானிகளுக்கும், ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு) புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட், உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும். பீதரில் ஹாக் பயிற்சி விமானத்தில் பழகிவிட்டுத் தஞ்சாவூர் சுகோய், சூலூர் தேஜஸ் போன்ற போர் விமானத்துக்குப் போகப்போகிறவர் என்றால் இப்போதே தொடங்குவது நல்லது. வலி வந்தபிறகு தொடங்கினாலும் பலன் உண்டு. ஆனால் அது மெதுவான வழி.

பயிற்சி வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

ஸ்வீடன் விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானிகள் 68 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 6 வாரம் மேற்பார்வையோடு கழுத்து, தோள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களிடையே கழுத்துவலிக்காரர்கள் குறைந்திருந்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது. டென்மார்க்கில் எஃப்-16 விமானிகள் 55 பேரை வைத்து 24 வாரம் நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. அங்கேயும் பயிற்சிக் குழுவுக்கு வலி குறைந்தது.

அதே டென்மார்க்கில் அடுத்ததாக ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் குழுவினருக்கும் 20 வாரத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம். பயிற்சிகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே வித்தியாசம், அவரவரே நேரம் ஒதுக்கிச் செய்துகொள்ள வேண்டும். முடிவில் மொத்தக் குழுவையும் எடுத்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது ஒழுங்காகச் செய்தவர்கள் சிறுபான்மை.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: எந்தப் பயிற்சி என்பது இரண்டாவது கேள்வி. எப்போது, யார் முன்னால் செய்கிறோம் என்பது முதல் கேள்வி. “ரூமுக்குப் போய் செஞ்சுக்கிறேன் சார்” என்று சொன்ன விமானி செய்யமாட்டார். சோம்பலால் அல்ல, காலை ஐந்தரைக்கு வானிலை பிரீஃபிங், பிறகு பறத்தல், டிபிரீஃபிங், அலுவலகக் கோப்பு, மறுநாள் பறப்புக்குப் படிப்பு என்று நாள் ஓடிவிடுகிறது. ஆகவே பயிற்சிகளைப் படிக்குமுன் ஸ்குவாட்ரன் பலகையில் வாரத்துக்கு மூன்று 20 நிமிடக் கட்டங்களை வாங்குங்கள். விமான எண், விமானி பெயர், நேரம் என்று எழுதும் அதே பலகையில் ‘கழுத்து’ என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். கமாண்டிங் ஆபீசர் கையெழுத்து இல்லாத கழுத்துப் பயிற்சித் திட்டம் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகும்.

தொடங்குமுன்: யார் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் ஸ்குவாட்ரன் மருத்துவரைப் பாருங்கள். கையில் மரத்துப்போதல், விரல்களில் பலம் குறைந்து பொருள் நழுவுதல், கழுத்திலிருந்து கைக்கு ஓடும் மின்னல் போன்ற வலி. நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், இதுவரை வந்தேயிராத கடுமையான கழுத்துவலியோடு தலைவலி. காய்ச்சலோடு கழுத்துவலி, காரணமில்லாமல் எடை குறைதல், ராத்திரியில் எழுப்பும் வலி. இஜெக்ட் செய்தவர்கள் (ஆபத்தில் இருக்கையோடு விமானத்தைவிட்டு வெளியே பாய்ந்தவர்கள்), கடினமான தரையிறக்கத்தில் சிக்கியவர்கள் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். ராக்கெட் இருக்கை தூக்கி வீசும்போது முதுகெலும்பு முறிவது அரிதல்ல, சில முறிவுகள் முதல் நாளில் பெரிதாக வலிப்பதுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசிவிட வேண்டும். விமானிகள் வலியைச் சொல்வதில்லை. பறக்க முழுத் தகுதி உண்டு என்று சொல்லும் ஏ1ஜி1 மருத்துவ வகை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், பறக்காத விமானியின் மனநிலை எனக்குத் தெரியும். ஆனால் நடைமுறையில் நடப்பதைப் பார்த்தால், இரண்டாவது வாரத்தில் சொன்னவர் சில நாள் பறப்பை விட்டுவிட்டுத் திரும்புகிறார். எட்டு மாதம் பொறுத்துவிட்டு, கை மரத்தபிறகு சொன்னவருக்குத்தான் எம்ஆர்ஐ, பெங்களூர் வான்மருத்துவக் கழகம், நீண்ட காத்திருப்பு எல்லாம். ‘சும்மா ஒரு பிடிப்பு’ என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பறப்பது இதைவிட மோசம். தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கொண்டுவரும்.

முதல் படி: அளந்து எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். மூன்றே விஷயம்.

ஒன்று, கடந்த ஒரு வாரத்தில் வலி 0 முதல் 10 வரை எவ்வளவு. இரண்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பினால் முகவாய் தோளுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, இரண்டு பக்கமும் சமமா. மூன்றாவதுதான் முக்கியம்: கழுத்தின் முன்புறத் தசைகள் எவ்வளவு நேரம் தாங்குகின்றன.

மல்லாந்து படுங்கள். முழங்கால் மடக்கி, பாதம் தரையில். முகவாயை மெல்ல உள்ளே இழுங்கள்; கழுத்தின் முன்பக்கத்தில் தோல் மடிப்பு விழும். அந்த மடிப்பு கலையாமல் தலையைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மட்டும் தூக்குங்கள். கூட இருப்பவர் உள்ளங்கையைத் தலைக்கு அடியில், தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு நொடிகளை எண்ணட்டும். மடிப்பு விரிந்து முகவாய் மேலே கிளம்பினாலோ, தலை கையில் விழுந்தாலோ சோதனை முடிந்தது. கழுத்துவலி இல்லாதவர்கள் சராசரியாக 39 நொடியும், வலி உள்ளவர்கள் 24 நொடியும் தாங்கியதாக 2005இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. அது பொதுமக்களிடம் எடுத்த கணக்கு. ஹெல்மெட் மாட்டி ஜி பாரம் தாங்கப்போகிறவர் 39இல் திருப்தி அடையக் கூடாது என்பது என் கருத்து.

பெஞ்ச் பிரஸ்ஸில் 100 கிலோ தூக்கும் இளைஞர்கள் இந்தச் சோதனையில் கிடுகிடுவென்று நடுங்குவதைப் பார்க்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜிம்மில் யாரும் இந்தத் தசைகளைத் தொடுவதேயில்லை.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதே மூன்றையும் அளந்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: உள்தசைகளை எழுப்புவது, முதல் இரண்டு வாரம்

கழுத்தில் தசை இரண்டு அடுக்கு. வெளியே தெரியும் பெரிய தசைகள்: காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பின் மேல்முனைக்கு இறங்கும் கயிறு போன்ற தசை, பிடரியிலிருந்து தோளுக்குப் பரவும் டிரபீசியஸ். இவை தலையை வேகமாக நகர்த்தும். அவற்றுக்கு அடியில், எலும்பை ஒட்டி, சின்னச் சின்னத் தசைகள். ஒவ்வொரு கழுத்தெலும்பையும் அதன் இடத்தில் பிடித்துவைப்பது இவை. வலி வந்த கழுத்தில் உள்தசைகள் ஒதுங்கிவிட, வெளித்தசைகளே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கின்றன. மாலையில் பிடரி கல்லாக இறுகியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எழுப்பும் முறை எளிது, அலுப்பூட்டுவதும்கூட. மல்லாந்து படுத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு. ‘ஆமாம்’ என்பதற்குத் தலையசைப்போமே, அதில் கால்வாசி அளவுக்கு மட்டும் முகவாயைக் கீழே கொண்டுவாருங்கள். தலை தரையைவிட்டு எழும்பக் கூடாது, துண்டின்மேல் உருளத்தான் வேண்டும். இரண்டு விரலால் கழுத்தின் முன்பக்கம் இருக்கும் அந்தக் கயிற்றுத் தசையைத் தொட்டுப் பாருங்கள். அது விறைத்தால் அதிகமாக அழுத்துகிறீர்கள். மென்மையாக இருக்கும்போதே 10 நொடி பிடித்து விடுங்கள். 10 தடவை. பிசியோவிடம் கழுத்துக்கு அடியில் வைக்கும் காற்றுப்பை இருந்தால் 20 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தொடங்கி 2, 2ஆக ஏற்றி 30 வரை போவது வழக்கம். ஊசி ஆடாமல் நிற்க வேண்டும்.

பிறகு குப்புற, முழங்கையும் முழங்காலும் ஊன்றி. பார்வை தரையில். முகவாயை உள்ளே வைத்தபடியே தலையை மெல்லத் தூக்கி இறக்கி 10 தடவை, பக்கவாட்டில் திருப்பி 10 தடவை. இது பிடரியின் உள்தசைக்கு.

மூன்றாவது தோள்பட்டை எலும்புக்கு. சுவரில் முதுகை வைத்து நின்று, கைகளை W வடிவில் மடக்கிச் சுவரை ஒட்டி மேலும் கீழும் நகர்த்துங்கள். தோள் காதுவரை எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வாரம் மட்டும் தினமும் செய்யலாம், பாரம் இல்லாததால். ‘இதுல என்ன ஆகப்போகுது’ என்று தோன்றும். தோன்றினாலும் தாண்டிப்போகாதீர்கள், உள்தசை எழும்பாமல் பாரம் ஏற்றினால் பழைய தப்பான பழக்கத்தையே பலப்படுத்துவீர்கள்.

மூன்றாம் படி: அசையாமல் தாங்குவது, 3 முதல் 6ஆம் வாரம் வரை

ஜி பாரத்தில் கழுத்து செய்யும் வேலை பெரும்பாலும் அசையாமல் தாங்குவதுதான். அதனால் இந்தப் படிக்கு நான்கு வாரம்.

முதலில் உங்கள் கையே எதிராளி. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை முன்னால் தள்ள, கை விடாமல் நிறுத்த. தலை ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது. பலத்தை இரண்டு நொடியில் மெல்ல ஏற்றி, 6 நொடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். திடீரென்று தள்ளிவிட்டுத் திடீரென்று விடுவதுதான் சுளுக்கைக் கொண்டுவருவது. முன், பின், வலம், இடம். ஒவ்வொன்றும் 5 தடவை. முதல் வாரம் பாதி பலம், அடுத்த வாரம் முக்கால். மூச்சைப் பிடிக்காதீர்கள்.

பிறகு ரப்பர் பேண்ட். தலைப்பட்டையில் பேண்டை மாட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் நெற்றி உயரத்தில் கட்டுங்கள். தலையை நேராக வைத்து, கழுத்தை அசைக்காமல், உடம்போடு ஓரடி பின்னால் நடங்கள். பேண்ட் இழுக்கும், நீங்கள் இழுபடக் கூடாது. 10 நொடி நின்று முன்னால் வாருங்கள். நான்கு திசையிலும் திரும்பி நின்று, ஒவ்வொன்றிலும் 5 தடவை, இரண்டு செட். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு.

வலிக்கு விதி: பயிற்சியின்போது 10க்கு 3 வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லையா, அடுத்த முறை பாரத்தைப் பாதியாக்குங்கள். கைக்கு வலி இறங்கினால் அன்றோடு நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

நான்காம் படி: பலம் ஏற்றுவது, 7ஆம் வாரம் முதல்

இப்போதுதான் கழுத்து அசையும். பேண்டை எதிர்த்துத் தலையை முன்னால் குனிப்பது, பின்னால் சாய்ப்பது, பக்கவாட்டில் சாய்ப்பது. போகும்போது இரண்டு நொடி, திரும்பும்போது மூன்று நொடி. 15 தடவை சுலபமாக முடிகிற பேண்டில் தொடங்கி, கனமான பேண்டுக்கு மாறி 10, 12 தடவைக்கு வாருங்கள். மூன்று செட்.

தோளை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடியும். தலையின் பாரம் கடைசியில் தோள்பட்டையில்தான் வந்து இறங்குகிறது. டம்பெல் பிடித்துத் தோளைக் காதுக்குத் தூக்கி இறக்குவது, குனிந்து நின்று இரண்டு கையையும் இறக்கை போலப் பக்கவாட்டில் விரிப்பது, ஒற்றைக் கையால் டம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது. மூன்றும் போதும். பத்துத் தடவைக்குமேல் முடியாத கனத்துக்குப் படிப்படியாகப் போங்கள். இங்கே தாராளமாகக் கனம் ஏற்றலாம், கழுத்தில் காட்டும் சிக்கனம் தோளுக்குத் தேவையில்லை.

மொத்தமும் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நடுவில் கதை பேசுகிறீர்கள்.

பெண் விமானிகளுக்கு ஒரு வார்த்தை. இந்திய விமானப்படையில் 2016 முதல் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். சராசரியாகப் பார்த்தால் பெண்களின் கழுத்துத் தசை மெல்லியது. ஹெல்மெட்டும் ஜியும் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. வேறு பயிற்சி தேவையில்லை, இதே படிகள்தான், தொடக்கக் கனம் மட்டும் குறைவு. ஹெல்மெட் பொருத்தத்தை மட்டும் இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த ஹெல்மெட் ஜியில் முன்னால் சரியும், அதைப் பிடித்து நிறுத்தும் வேலையும் பிடரிக்குத்தான்.

ஐந்தாம் படி: பறப்பதைப் போலப் பழகுவது

மூன்று மாதம் கழித்து. தலையைத் திருப்பி, சற்றே அண்ணாந்த நிலையில் பேண்டைத் தாங்குவது. அதற்கு முன்னால் ஒரு ஒழுங்கைப் பழக வேண்டும்: முதலில் கண், பிறகு இடுப்பும் தோளும், கடைசியில்தான் கழுத்து. தோளோடு சேர்ந்து திரும்பினால் கழுத்து திரும்ப வேண்டிய கோணம் குறையும். சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கைப் பட்டை மாட்டியது போலப் பாவித்து இதைப் பழகுங்கள்.

ஃபின்லாந்தில் டிராம்பொலினில் குதிக்க வைத்தே பார்த்திருக்கிறார்கள். ஆறு வாரம் குதித்தவர்களுக்கும் ஆறு வாரம் பலப் பயிற்சி செய்தவர்களுக்கும், பறக்கும்போது கழுத்துத் தசைக்கு ஏற்படும் சிரமம் இரண்டு குழுவிலுமே குறைந்தது. குதித்து விழும் ஒவ்வொரு முறையும் தலையை நிலைநிறுத்தக் கழுத்து தானாகவே வேலை செய்கிறது என்பதுதான் சூட்சுமம். நம் ஊர் விமானத்தளத்தில் டிராம்பொலின் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் விடாதீர்கள், வாரத்தில் ஒரு நாளாவது அலுப்பில்லாமல் போகும்.

ஹெல்மெட்டில் கூடுதல் எடை கட்டிப் பயிற்சி செய்யலாமா என்று எல்லா இளைஞர்களும் கேட்கிறார்கள். மேற்பார்வை இல்லாமல் வேண்டாம். கழுத்துக்கு நெம்புகோல் தூரம்தான் எதிரி. ஹெல்மெட்டின் நுனியில் கட்டிய கால் கிலோ, டம்பெல்லில் கால் கிலோ அல்ல.

பறக்கும் நாளில்

கடும் கழுத்துப் பயிற்சியும் உயர்ஜி பறப்பும் ஒரே காலையில் வேண்டாம். களைத்த தசை எலும்பைக் காக்காது. பறப்பு முடிந்த பிறகு, அல்லது பறக்காத நாளில் பயிற்சி.

விமானத்துக்கு நடக்குமுன் ஐந்து நிமிடம்: தோளைச் சுழற்றுதல், தலையை இருபக்கமும் மெல்லத் திருப்புதல், கையால் எதிர்த்து நான்கு திசையிலும் அரைப் பலத்தில் இரண்டிரண்டு தடவை. ஹெல்மெட் மாட்டியபின் இன்னொரு முறை தலையைத் திருப்பிப் பாருங்கள். குழாயும் வயரும் எங்கே இழுக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிடும்.

காக்பிட்டில் ஒரே பெரிய விதி: தலையை முதலில் சரியான நிலையில் வையுங்கள், பிறகு கட்டுப்பாட்டுக் குச்சியை இழுங்கள். ஜி ஏறிய பிறகு தலையைத் திருப்புவதுதான் கழுத்தை உடைப்பது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் பாரம் ஏறுமுன் திரும்பி, இருக்கையின் தலைச்சாய்ப்பிலோ பக்கத்திலோ தலையை அண்டக் கொடுத்துவிட்டு, அதன்பின் இழுங்கள். நிலையை மாற்ற வேண்டுமானால் ஜியைத் தளர்த்தி, மாற்றி, மறுபடி இழுங்கள்.

இரண்டு இருக்கை விமானத்தில் அடி வாங்குவது பெரும்பாலும் பின்னிருக்கைக்காரர். இப்படி நினைத்துப் பாருங்கள்: ஹாக்கின் பின்னிருக்கையில் ஆசிரியர் தொடையில் கட்டிய அட்டையில் மாணவரின் தவறைக் குறித்துக்கொண்டிருக்கிறார். தலை குனிந்திருக்கிறது, பேனா பாதி வரியில். முன்னிருக்கை மாணவர் சொல்லாமல் குச்சியை இழுக்கிறார். ஆறு ஜி. ஆசிரியரின் முகவாய் நெஞ்சில் போய் இடிக்கிறது. ஜி இறங்கும்வரை தலையைத் தூக்க முடியாது. இழுப்பவருக்கு எப்போது இழுக்கப்போகிறோம் என்று தெரியும், அவர் தசை முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். பின்னாலிருப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. இன்டர்காமில் இழுக்குமுன் ஒரே ஒரு சொல் போதும். எந்தச் சொல் என்று பிரீஃபிங்கிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மாணவருக்கு ‘சாரிடம் எப்படிச் சொல்வது’ என்ற கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தை ஆசிரியரே முதல் நாளில் உடைத்துவிட வேண்டும்.

ஹெலிகாப்டர்காரர்களுக்கு

அரக்கோணத்தில் கடற்படை ஹெலிகாப்டர் பயிற்சியில் இருப்பவர்கள் மேலே உள்ள ஜி கதையைத் தள்ளிவிடலாம், பயிற்சிப் படிகளைத் தள்ளிவிட வேண்டாம். உங்கள் எதிரி நேரம். இடது கை பக்கத்தில் கீழே கலெக்டிவ்வை (ஏற்றி இறக்கும் நெம்புகோலை) பிடித்திருக்க, வலது கை இரண்டு காலுக்கு நடுவே சைக்ளிக்கை (திசை திருப்பும் குச்சியை) பிடித்திருக்க, உடம்பு முன்னால் கூனி இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதே நிலையில் மணிக்கணக்கு, கூடவே அதிர்வு. ராத்திரியில் இரவுப் பார்வைக் கண்ணாடி மாட்டினால் நெற்றிக்கு முன்னால் இன்னும் அரைக்கிலோ தொங்கும். அந்தக் கண்ணாடி காட்டும் பரப்பு 40 டிகிரிதான் என்பதால், கண்ணால் பார்க்க வேண்டியதற்கெல்லாம் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

ஹெல்மெட்டின் பின்னால் எதிர்எடை வைத்தால் தலை முன்னால் சாய்வது குறையும். ஆனால் கழுத்து சுமக்கும் மொத்த எடை கூடும். எவ்வளவு குறைவாக வைத்துச் சமநிலை கிடைக்கிறதோ அவ்வளவே வையுங்கள். பக்கத்து சீட்காரர் வைத்திருக்கும் அளவைப் பார்த்து வைக்காதீர்கள். பயிற்சியில் நான்காம் படியில் கனத்தைவிட எண்ணிக்கையைக் கூட்டுங்கள், 20 தடவை வரை. இரண்டாம் படியின் குப்புறப் பயிற்சியை எந்த வாரத்திலும் விடாதீர்கள். பறப்பில் கட்டுப்பாட்டைத் துணைவிமானியிடம் ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் முதுகை இருக்கையில் ஒட்டி, முகவாயை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால் தள்ளுங்கள். பத்து நொடி வேலை.

செய்யக் கூடாதவை

சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுப்பது. முடி வெட்டிய கையோடு தாடையைப் பிடித்து ‘கடக்’ என்று ஒரு திருப்பு, சுகமாகத்தான் இருக்கும். கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. விமானியின் கழுத்தை நாவிதரிடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும்.

மல்யுத்தக்காரர்கள் போல உச்சந்தலையை ஊன்றிப் பாலம் போடுவது. தலையை முழு வட்டமாகச் சுற்றுவது. தலையில் சங்கிலி கட்டி எடைத்தட்டு தொங்கவிடுவது. மூன்றும் பழைய ஜிம் பழக்கம்; இந்தத் தொழிலுக்கு ஆகாது.

சுளுக்கிக்கொண்டால்

பறப்பு முடிந்து இறங்கும்போதோ மறுநாள் காலையிலோ கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இல்லையென்றால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒத்தடம் கொடுத்து, வலிக்காத எல்லைக்குள் மணிக்கு ஒருமுறை தலையை மெல்லத் திருப்பிக்கொண்டிருங்கள். கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு அசையாமல் படுப்பது தாமதப்படுத்தும். எண்ணெய் போட்டு நீவுவது மேலோட்டமாக என்றால் சரி, கட்டைவிரலால் குத்தி எடுப்பது வேண்டாம்.

இரண்டாம் படிப் பயிற்சியை அடுத்த நாளே தொடங்கலாம். மூன்றாம் படியை வலி 3க்குக் கீழே வந்தபின். மறுபடி பறப்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் போகுமுன் நீங்களே மூன்றைச் சோதித்துப் பாருங்கள்: தலை இரண்டு பக்கமும் சமமாகத் திரும்புகிறதா, நோட்டில் எழுதிய பழைய நொடிக் கணக்கை எட்டுகிறீர்களா, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா. திரும்பிய முதல் சில பறப்புகளில் வான்சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

ஆறு மாதம் கழித்து

பலம் ஏறியபின் அதைத் தக்கவைக்க வாரத்துக்கு இரண்டு முறை போதும். நெருக்கடியான வாரத்தில் ஒன்று. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள், முதல் உயர்ஜி பறப்புக்கு முன்னால் குறைந்தது இரண்டு வாரம். வெளியூர்த் தளத்துக்குப் போகும்போது பேண்டும் தலைப்பட்டையும் பையில் இருக்கட்டும், இரண்டும் சேர்த்து ஒரு டீஷர்ட் இடம்கூட எடுக்காது. ஆனால் அதைக் காரிலோ ஹேங்கர் அலமாரியிலோ போட்டுவைக்காதீர்கள். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் பேண்டை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். அறுந்தால் அது நேரே கண்ணில்தான் அடிக்கும்.